நோட்பூர்கா அம்மையாரின் விரிக்காத வலைகள்

மரியாதைக்குரிய பங்குத்தந்தை அவர்களே, கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, தீயணைப்புப் படைத் தோழர்களே, முன்வரிசையில் என் முகத்தைப் பார்க்காமல் அமர்ந்திருக்கும் அம்மையாரின் மகள் ஸீட்டா அவர்களே, இந்தச் சரிவில் ஆப்பிள் வளர்க்கும் பெருமக்களே! கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

காசியான் ஷ்டெக்கர் பேசுவான் என்று தலைவர் அறிவித்ததும் இந்த மண்டபத்தில் எழுந்த முணுமுணுப்பு என் காதிலும் விழுந்தது. பதினொரு ஆண்டுகள் அம்மையாரோடு முகம் கொடுத்துப் பேசாதவனுக்கு இங்கே என்ன வேலை? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

யார் இந்த நோட்பூர்கா ரைனால்டர்? நம் வலைக்குழுவின் தலைவி! ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கின் இந்தச் சரிவில் முதல்முதலாகக் கம்பம் நட்டு, ஆப்பிள் மரங்களுக்கு மேல் ஆலங்கட்டி வலை விரித்தவர்! அன்று வேலியோரம் நின்று நாம் என்ன சொன்னோம்?

"ஆப்பிளுக்குக் கொசுவலையா? தாலாட்டும் பாடுவீங்களா?"

அப்படிக் கேட்டவன் நான்தான். அந்த ஜூலையிலேயே ஆலங்கட்டி கொட்டியது. அம்மையார் தோட்டத்தைத் தவிர மற்ற எல்லாத் தோட்டத்துப் பழமும் சாறு பிழியப் போனது. எங்களைப் பார்த்து அவர் கேலியாகச் சிரித்தாரா? இல்லை! மறுநாள் காலை அளவு நாடாவோடு என் வாசலில் நின்றார். "உங்க தோட்டம் எத்தனை வரிசை? கம்பம் எங்க நடணும்னு பாத்துருவோம், வாங்க" என்றார்.

ஜன்னலைப் பார்க்கிறீர்கள். தெற்கு மலைமேல் ஏறும் மேகத்தை நானும் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் கடைசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பனி வருகிறது, வலைகளைச் சுருட்டுங்கள் என்று அம்மையார் வீடுவீடாகச் சொல்லிப் போனார். எல்லோரும் சுருட்டினீர்கள். நான் சுருட்டவில்லை. கடைசிப் பழம் மரத்தில் இருந்தது, பறிக்க ஆள் இல்லை, நாலு நாள் தாங்கும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு மெரானோவில் மைத்துனன் கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். விடியற்காலையில் ஈரப்பனி கொட்டத் தொடங்கியது. விரித்த வலையில் பனி தேங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பனியின் பாரத்தில் என் கம்பங்கள் சாய்ந்தால் அதே இழுகம்பியில் கட்டிய ஏழு குடும்பங்களின் கம்பங்களும் சாய்ந்திருக்கும்.

அம்மையார் எனக்கு ஆறு முறை போன் செய்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு உயரத்தில் நின்று பழம் பறிக்கும் மேடை வண்டியில் ஏறினார். ஐம்பத்தெட்டு வயதில், தலைமேல் பனி சரியச் சரிய, என் இருபத்திரண்டு வரிசை வலையையும் நடுவில் கிழித்துவிட்டார்! மதியம் நான் வந்து பார்த்தபோது வலை கந்தலாகத் தொங்கியது. நேரே அவர் வாசலுக்குப் போய்க் கத்தினேன்.

"யாரைக் கேட்டு என் வலையில கை வச்சீங்க?"

"கேக்கத்தான் ஆறு தடவை போன் அடிச்சேன். கல்யாண வீட்டுல பாட்டுச் சத்தமோ?"

"வலை போச்சே, யார் பதில் சொல்றது?"

"கம்பம் நிக்குதா? அதை எண்ணிட்டு வந்து கத்துங்க."

நான் எண்ணவில்லை. சங்கக் கூட்டத்துக்குப் போனேன். உடைமைக்காரர் வாயால் சொல்லாமல் அடுத்தவர் வலையை எவரும் தொடக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். அதற்கு அம்மையாரும் கை தூக்கினார். "விதி நல்ல விதிதான். ஆனா ஆலங்கட்டி அதைப் படிச்சிட்டு வராது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என் கம்பங்கள் எப்படியும் தாங்கியிருக்கும் என்று பதினொரு ஆண்டுகளாக உங்களிடம் சொல்லி வந்தேன். பொய்! அடுத்த வசந்தத்தில் தோண்டிப் பார்த்தேன். கடைசிக் கம்பத்தை மண்ணில் பிடித்திருந்த கம்பி விரல் பட்டதும் பொடியாகும் அளவுக்குத் துருவேறிக் கிடந்தது. யாருக்கும் தெரியாமல் மாற்றினேன். அவர் வீட்டைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். ஒரு நாள் நின்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இந்த வாரக் கதைக்கு வருகிறேன். பூ உதிர்ந்தது, தேனீப் பெட்டிகள் திரும்பிப் போயின, எல்லோரும் வலை விரித்தோம். தன் வலையை விரிக்கும் முன்பே, ஞாயிற்றுக்கிழமை அம்மையாரின் இதயம் நின்றது. இந்தச் சரிவிலேயே முதலில் வலை கட்டியவரின் தோட்டம் மட்டும் இன்று திறந்து கிடக்கிறது! சுண்டுவிரல் நகமளவு பிஞ்சுகள். நாம் எல்லோரும் பார்த்தோம். பார்த்துக்கொண்டே நடந்துபோனோம். ஏன்? நான் கொண்டுவந்த விதி!

காலையில் கல்லறை வாசலில் ஸீட்டாவிடம் கேட்டேன், "வலையை விரிச்சு விடட்டுமாம்மா?" என்று. அந்தப் பெண் சொன்னது இதுதான்.

"என்னை ஏன் கேக்குறீங்க? உடைமைக்காரர் வாயால சொல்லணும்னு விதி போட்டது நீங்கதானே? உடைமைக்காரர் பெட்டிக்குள்ள இருக்காங்க. போய்க் கேளுங்க."



முதல் இடி கேட்டதா? மேகம் இங்கே வர ஒரு மணி நேரமாவது ஆகும். தலைவர் அவர்களே, நான் கொண்டுவந்த விதியை நானே நீக்கக் கோருகிறேன். ஏற்பவர்கள் கை தூக்குங்கள்! போதும், எண்ண வேண்டாம்.

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் உறுதிமொழி சொல்வது வழக்கம். அதை அவர் தோட்டத்தில் சொல்வோம். மேல் பத்து வரிசை தீயணைப்புப் படைக்கு, கீழே உள்ளது நமக்கு. மேடை வண்டியை வாசலில் நிறுத்தியிருக்கிறேன், வலையை மாட்டும் கிளிப்புகள் அதில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. இடி நெருங்கினால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். நமக்காக வைத்திருக்கும் ரொட்டி உருண்டை சூப் ஆறினால் ஆறட்டும். தந்தை அவர்களே, மௌன அஞ்சலியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஸீட்டா, உன்னிடம் இனி நான் அனுமதி கேட்கப் போவதில்லை. உன் அம்மா என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை, என் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன. இன்று காலைதான் எண்ணினேன்.

எழுந்திருங்கள், போகலாம்!