தேக்குப் பெட்டிக்குள் இருந்த காந்தம்

ரேடியோ வாங்க வருகிறவர்கள் பெட்டியின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. அரியலூர் ரயிலடிக்கு எதிரே கடை போட்ட நாளிலிருந்து பார்க்கிறேன்.

என் தம்பி சின்னதுரையும் கேட்கவில்லை. அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது. நான் பிசைந்து கொடுத்தால்தான் சோறு இறங்கும். அவனுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்படி வளர்ந்தவன், போன வருஷம் தன் பங்கு நிலத்தை விற்று நாகப்பட்டினத்தில் ஒரு பாய்மரத் தோணி வாங்கினான். யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு ஏற்றுவானாம். பொண்டாட்டி பஞ்சவர்ணத்தையும் அங்கேயே குடிவைத்துவிட்டான். ஒரு ஆளுக்கு உலை வைக்க எனக்குக் கை வரவில்லை, ஐயா.

புயல் செய்தி கேட்கத் தோணிக்கு ஒரு ரேடியோ வேண்டும் என்று எழுதினான். கடையில் மூன்று இருந்தன. ஒலிபெருக்கியில் பெரிய காந்தம் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். ஒரு திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்து, ரேடியோ செட்டை எந்தப் பக்கம் வைத்தால் முள் எவ்வளவு விலகுகிறது என்று நான்கு நாள் சோதித்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

நானே போய்ப் பொருத்தினேன். ஏரியல் கம்பியைப் பாய்மர உச்சிக்கு ஏற்றினேன். எர்த்துக்குச் செப்புத் தகட்டைத் தண்ணீருக்குள் இறக்கினேன். பேட்டரியில் உப்புத் தண்ணீர் படாமல் பெட்டி அடித்தேன். கடைசியாக, செட்டைத் திசைகாட்டியை ஒட்டிய பலகையில் வைத்தேன்.

தோணி ஓட்டும் தண்டல் நல்லுசாமி தயங்கினார். தோணிக்காரர்கள் திசைகாட்டிக்கு அருகே போகுமுன் இடுப்புக் கத்தியைக்கூட எடுத்து வைத்துவிடுவார்கள்.

"இரும்பு ஏதும் இருக்குதுங்களா?" என்றார்.

"தேக்குங்க. தட்டிப் பாருங்க," என்றேன். தட்டிப் பார்த்தார்.

"எங்கண்ணன் வச்சா சரியாத்தான் இருக்கும், தண்டலய்யா," என்று சின்னதுரை சிரித்தான். அந்தச் சிரிப்பு என் நெஞ்சை அறுக்கிறது.

கோடியக்கரை மணல்திட்டை விட்டு விலகிப் போவதுதான் பெரும்பாடு என்று நல்லுசாமி அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். தோணி தரைதட்டினால் தம்பி ஊருக்குத் திரும்பிவிடுவான் என்று நினைத்தேன்.

முதல் பயணத்தில் வானம் தெளிவாக இருந்தது. கரையைப் பார்த்தே போய் வந்துவிட்டார்கள். அப்போதாவது ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை.

இரண்டாவது பயணம் மழை மூட்டத்தில். முள்ளை நம்பிப் போனார்கள். திட்டில் மோதித் தோணி பிளந்தது. ஐந்து பேர். நல்லுசாமியின் உடல் கிடைக்கவே இல்லை. சின்னதுரைக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயதில் ஏரிப் பக்கமே நான் விட்டதில்லை. செட்டை வைக்கும்போது அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

"மாமா, நீங்க ஆசையா வச்சுக் குடுத்த ரேடியோகூட அவரக் காப்பாத்தலையே," என்று பஞ்சவர்ணம் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன் பிறகு கடையைத் திறக்க முடியவில்லை. ஐந்து பேரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. தம்பியை வண்டி கட்டி ஊருக்குக் கொண்டுவந்து, எங்கள் கொல்லையில் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இனி எங்கேயும் போகமாட்டான். இன்று காலை இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.