ஆறாவது பிரியாணி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நண்பர்கள். ஒருவருக்கு இடது கையில் மாவுக்கட்டு.

“மச்சான், இனிமே நான் வண்டியோட விழுந்தா உங்க அஞ்சு பேரு காதுலயும் சத்தம் கேக்கணும்!” என்றார் மாவுக்கட்டுக்காரர்.

ஜன்னலைப் பார்ப்பதுபோல் திரும்பி, காதை மட்டும் அங்கே கொடுத்தேன்.

மற்றவர் போனில், பைக் ஓட்டிக்கொண்டே ஒருவரோடொருவர் பேச உதவும் ஹெல்மெட் இன்டர்காம் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். “அப்ப புளூடூத் செட்டு வேணாம்டா. அது சங்கிலி மாதிரி. நடுவுல ஒருத்தன் நின்னுட்டா, பின்னாடி வர்றவன் பேசறது முன்னாடி கேக்காது.”

“பின்னாடி வர்றது நான். நடுவுல உன் தம்பி. அவன் கரும்பு ஜூஸ் கடைக்குக் கடை நிப்பானே!”

“அதுக்குத்தான் மெஷ் செட்டு. அது வலை மாதிரி. எவன் நின்னாலும் மத்தவங்க பேசிக்கலாம்.”

“சூப்பர் மச்சான்! ஆறு பேருக்கும் அதையே போடு!”

ஆலப்பாக்கம் வந்தது. மாவுக்கட்டுக்காரர் வெளியே கையைக் காட்டினார்.

“இங்கதான் விழுந்தேன். பாண்டி வரைக்கும் ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. அப்புறம் நான் இல்லேன்னு எப்படித்தான் தெரிஞ்சுது?”

“ஓட்டல்ல ஆறு பிரியாணி சொன்னோம். ஒண்ணு மீந்துச்சு. அப்பதான் ஆளை எண்ணிப் பாத்தோம்.”

“அந்த ஒண்ணு?”

“வீணாப் போயிடும்னு… அதையும் சாப்ட்டுதான்டா உன்னைத் தேடிக் கெளம்பினோம்.”