நூத்தி இருபத்தெட்டுன்னு போட்டிருந்த கார்டு

இல்ல, லென்ஸ் விஷயத்துல நான் அவங்கள ஏமாத்தவே இல்ல. நேத்து நம்ம போட்டோ கிளாஸ் குரூப்புல நீங்க ஆளாளுக்குப் பேசினதப் பாத்தா, பில்லிங் அக்கா தலையில நான் ஏதோ ஓட்ட லென்ஸக் கட்டிவிட்டுட்டேன்ங்கற மாதிரி இருந்துச்சு. ஐம்பது எம்எம், ஒன்னு பாயின்ட் எட்டு. புதுசா கத்துக்கறவங்களுக்கு இவ்வளவு கம்மி விலையில இதவிட நல்லது கிடையாது. அதோட ஒரு பழைய கேமரா பாடி, ரெண்டு பேட்டரி, ஆடாத ஒரு ட்ரைபாட். பை எதுவா இருந்தாலும் பரவாயில்லன்னேன். இதுல எது தப்பு? செகண்ட் ஹேண்ட் கடையில லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு, பூஞ்சை இருக்கான்னு பாத்து வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

புதுசா வந்தவங்களுக்கும் சொல்லிடறேன். அக்கா ஆஸ்பத்திரியில பில் போடற சீட்டுல இருந்தவங்க. ஞாயித்துக்கிழமை நான் எடுக்கற கிளாசுக்கு வந்தாங்க. என்னவிட ஒன்பது வயசு பெரியவங்க. ஆனா, "தம்பி, லென்ஸ்ல நம்பர் பெருசானா வெளிச்சம் வர்ற ஓட்ட ஏம்ப்பா சின்னதாகுது? யாரு இதக் கண்டுபிடிச்சது, எங்க ஆஸ்பத்திரி மேனேஜரா?"ன்னு கூச்சமே இல்லாம கேப்பாங்க. எனக்கு அவங்கள ரொம்பப் பிடிக்கும். இப்பவும் பிடிக்கும்.

மூணே மாசத்துல கத்துக்கிட்டாங்க. நான் லைட்டு தூக்கற ஸ்டூடியோ இருக்கே, அதோட ஓனர் அண்ணன் ஆறு வருஷத்துல எனக்கு ஒரு கல்யாணம்கூட தனியா கொடுத்ததில்ல. பஸ்ஸுல தூங்கிட்டிருந்த ஒரு ஆள அக்கா எடுத்த படத்த அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் என் பக்கம் திரும்பி, "டேய், இத்தன வருஷம் நீ என்னதான்டா பண்ணிட்டிருந்த?"ன்னு சிரிச்சாரு. கிண்டல்தான். நானும் சிரிச்சேன். அடுத்த வாரமே ஒரு கல்யாணத்த அக்காகிட்ட கொடுத்துட்டாரு. நல்லா வந்தா நிரந்தர வேலை.

அக்கா நேரா என்கிட்டதான் வந்தாங்க, கேமராவுக்கு என்ன மெமரி கார்டு வாங்கலாம்னு கேட்டு.

என் டிராயர்ல ஒரு கார்டு இருந்துச்சு. மேல நூத்தி இருபத்தெட்டு ஜிபின்னு போட்டிருக்கும். உள்ள இருக்கறது எட்டுதான். மலிவா கிடைக்குதேன்னு வாங்கி நானே ஏமாந்தது. கேமராவுல போட்டா முழுசா இடம் இருக்கற மாதிரி காட்டும். முன்னூறு படம் வரைக்கும் ஒழுங்கா ஏறும். அதுக்கப்பறம் ஏறற மாதிரி நடிக்கும், ஒன்னும் ஏறாது. இது எனக்கு ஆறு மாசமா தெரியும்.

"ஒரே பெரிய கார்டா போடுங்கக்கா. நடுவுல மாத்தப் போனா கை தவறி எங்கயாவது விழுந்துரும். வாங்கவே வேணாம், என்னோடத எடுத்துக்கங்க"ன்னேன்.

"உன் கார்டக் கொடுத்துட்டு நீ என்னப்பா பண்ணுவ?"

எனக்கு ஷூட்டே இல்லக்கான்னேன். அது உண்மை.

இன்னொன்னும் சொன்னேன். எடுத்ததத் திரும்பித் திரும்பி ஸ்க்ரீன்ல தள்ளிப் பாக்காதீங்க, அந்த நேரத்துல நல்ல படம் போயிரும்னு. எல்லா வாத்தியாரும் சொல்றதுதான. எடுத்த உடனே வந்து மறையற படம் கேமராவோட சொந்த நினைவுல இருந்து வர்றது, கார்டுல இருந்து இல்ல. பின்னாடி தள்ளிப் பாத்திருந்தாதான் தெரிஞ்சிருக்கும். பாக்கல. என் பேச்ச அவ்வளவு மதிச்சாங்க.

ஆஸ்பத்திரி வேலைய விட்டது அவங்க முடிவு. விடலாமான்னு கேட்டாங்க, நான், "பயத்தோட படம் எடுக்க முடியாதுக்கா"ன்னேன். அவ்வளவுதான்.

கல்யாணத்துல லைட்டு பிடிச்சது நான். நானூறு படம் தாண்டினப்பறம் பொண்ணோட அப்பாவ சக்கர நாற்காலியில தள்ளிட்டு வந்தாங்க. டாக்டர்கிட்ட கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கிட்டு வந்திருந்தாரு. பொண்ணு குனிஞ்சு அவரு கன்னத்துல கன்னம் வச்சுச்சு. அவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்ததால நிழல் விழாம லைட்ட நான்தான் கொஞ்சம் இறக்கிப் பிடிச்சேன். படம் ரெண்டு செகண்டு ஸ்க்ரீன்ல வந்துச்சு. அருமையான படம். உலகத்துலயே அக்காவும் நானும் மட்டும்தான் அதப் பாத்திருக்கோம்.

மறுநாள் என் ரூமுக்கு வந்து கார்டக் கம்ப்யூட்டர்ல போட்டாங்க. செருப்பு, பூ அலங்காரம், காலி நாற்காலி, மேக்கப் பெட்டி. அதுக்கப்பறம் வெறும் சாம்பல் கட்டம்.

"தம்பி, இதுக்குக் கீழ வர மாட்டேங்குதே."

இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கக்கான்னேன்.

ஒன்பதாவது நாள் அந்த அப்பா போயிட்டாரு. பொண்ணு ஸ்டூடியோவுக்கு வந்து, "ஆல்பம்லாம் வேணாண்ணா, அப்பாகூட ஒன்னே ஒன்னு போதும்"னு உக்காந்திருந்துச்சு. அண்ணன் அக்காவ வரவேணாம்னுட்டாரு. பில் சீட்டுல வேற ஆள் வந்தாச்சு. அக்கா கேமராவ மூட்ட கட்டி வச்சுட்டு, இந்தக் குரூப்ப விட்டும் போயிட்டாங்க. போறதுக்கு முன்னாடி என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க, "என் கை பட்டு உன் கார்டும் போச்சேப்பா"ன்னு. பரவாயில்லக்கான்னுட்டேன்.

தெரிஞ்சேதான் கொடுத்தேன். மறைக்கல. ஆனா யோசிச்சுப் பாருங்க, இப்ப குரூப்புல நாப்பது பேரும் ரெண்டு ரெண்டு கார்டோட போறீங்க. எத்தன கிளாஸ் எடுத்திருந்தாலும் அது உங்க மண்டையில ஏறியிருக்காது.

இத இன்னிக்கு சொல்றதுக்கு வேற காரணம் இருக்கு. அவங்க சாம்பல் கட்டத்தத் தள்ளிட்டிருந்தப்ப நான் எதிர்ல உக்காந்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் முகத்துல பக்கவாட்டுல விழட்டும்னு நாற்காலியக் காலையிலயே திருப்பிப் போட்டு வச்சிருந்தேன். கேமராவ சைலண்ட்ல வச்சு பதினோரு படம். ஏழாவதுல அவங்களுக்கு எல்லாம் புரியுது. உதடு லேசா பிரிஞ்சிருக்கு, இடது கண்ணு ஊசி மாதிரி ஷார்ப்பா இருக்கு. ஆறு வருஷத்துல என் கையால இப்படி ஒரு படம் விழுந்ததே இல்ல, நிஜமா.

போட்டோ போட்டிக்கு நாளைக்குக் கடைசித் தேதி. கலர்ல ஒன்னு, கருப்பு வெள்ளையில ஒன்னு கீழ போட்டிருக்கேன். எத அனுப்பலாம், நீங்க என்ன நினைக்கறீங்க?