சுவரலமாரிக்கு அடித்த பட்டை

முதலில் காப்பியைக் குடியுங்கள் ஐயா, ஆறிவிடும். எல்லாம் சொல்கிறேன். நடுவில் சிரித்தால் மட்டும் கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாளாக இப்படித்தான், பொங்கிப் பொங்கி வருகிறது.

என் பெயர் செல்வாம்பாள். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் பெயரை நான் வாயால் சொல்லக் கூடாது. வாசல் பலகையில் இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரர் ஊரை விட்டுப் போனபோது, எந்த நாட்டுக் குடிமகனாக இருக்கிறாய், இந்தியாவா பிரான்சா என்று எல்லோரையும் கேட்டார்களே, அதில் அவர் பிரான்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "மொதல்ல நான் போறேன், அப்புறமா உன்னக் கூப்புடுறேன்" என்றார். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி மதில்மேல் தலையை நீட்டி, "அக்கா, எதிர்வீட்டுக் கோவிந்தசாமியும் இதையேதான் சொல்லிட்டுப் போனாரு. அவரு பொண்டாட்டி இன்னும் தபால்காரரையே பாத்துக்கிட்டிருக்கா" என்றாள். தெருவே சிரித்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள், முன்கட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்காகச் சுவரலமாரியைச் சரிசெய்தார். இரண்டு கதவும் சேரும் இடத்தில் விரல் நுழைகிற இடுக்கு. அதை மறைக்க மரப்பட்டை அடிக்க வேண்டும்.

"பகேத் எடுத்தா" என்றார். ஓடிப்போய் நீள ரொட்டி வாங்கி வந்தேன். அந்தப் பட்டைக்கும் பிரெஞ்சில் அதே பெயராம், நான் என்னத்தைக் கண்டேன்?

"மக்கு, மக்கு. இதக் கதவுல வச்சு அடிப்பியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆள் நிற்கிற அலமாரி அது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "வெளிச்சம் எங்க வருதுன்னு பாக்குறேன். நீ வெளியிலேருந்து அடி."

அடித்தேன். ஒரு கதவோடு அடிக்க வேண்டியதை இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டேன். அது வரைக்கும் தெரியாமல் செய்ததுதான் ஐயா.

"மக்கு, ஆணியப் புடுங்குடி. காலையில மெட்ராஸ் பஸ்ஸு" என்றார் உள்ளேயிருந்து.

பஸ் என்றதும் கோவிந்தசாமியின் பெண்டாட்டி ஞாபகம் வந்தது. மிச்சப் பட்டைகளையும் எடுத்து நாலு பக்கமும் சுற்றி அடித்தேன். பார்வைக்கு எவ்வளவு லட்சணம்.

"இப்ப வெளிச்சம் வருதாங்க?"

"வருது, வருது. தொறடி."

வருகிற இடமெல்லாம் மரத்தூளில் பசை குழைத்து அடைத்தேன். ஆசாரிகள் அதை மக்கு வைப்பது என்றுதான் சொல்வார்கள். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு தாங்கவில்லை. மேலே பச்சை வர்ணமும் பூசினேன்.

அன்றைக்குப் பலமாகத் தட்டினார். நேற்றுக் கொஞ்சமாக. இன்று கோபம் தணிந்துவிட்டது போலிருக்கிறது, சத்தமே இல்லை.

உடைப்பதானால் உடையுங்கள், வர்ணம் கையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டது என்று ஸ்டேஷனில் சொல்லி உங்களைக் கூட்டி வந்தவள் அஞ்சலாட்சிதானே? வெளியேதான் நிற்பாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை.