வாசலைத் தாண்டாத தபால்

– அந்த அட்டைப்பெட்டிங்க மேல சாயாதடா. நாற்காலி எதுக்கு இருக்கு?

– ஒன்பது வருஷம் கழிச்சு தம்பி வந்திருக்கேன். நல்ல வரவேற்புக்கா.

– உன் பழைய லேப்டாப்புக்கு இன்னும் உயிர் இருக்கா?

– இருக்கு. நம்ம இரவல் நூலக இணையதளத்தோட சோதனை நகல் முழுசா இதுக்குள்ள அப்படியே இருக்கு. ஒரே கட்டளைதான், தளத்தோட பகுதிகளைத் தனித்தனியா அடைச்சு வச்சிருக்கிற கன்டெய்னர் எல்லாம் எழுந்துக்கும். இந்தா.

– பக்கம் வந்த வேகத்துல விழுந்துடுச்சே.

– புத்தகப் பட்டியலை வச்சிருக்கிற டேட்டாபேஸ் இன்னும் கண்ணு முழிக்கல.

– கும்பகர்ணன். நீ அதுக்கு அந்தப் பேரை வச்சன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்புல டீ அத்தனையும் கீபோர்டுலதான்.

– ஸ்பேஸ் பட்டன் இன்னும் ஒட்டுதுக்கா.

– எழுந்துட்டான். மறுபடி திற... அடேயப்பா, அந்தப் பச்சை. அம்மா குடையோட நிறம்.

– இவ்வளவு ஆசை இருந்தா நூலகத்தை ஏன் வித்தே?

– ஆரம்பிச்சிட்டியா. விக்கட்டுமான்னு உன்னைக் கேட்டுத்தான் எழுதினேன். நீ வெளியூர்ல பெரிய உத்தியோகக்காரன். ஒரு வரி பதில் கிடையாது.

– எழுதினேன்க்கா. நம்ம தளத்துலேர்ந்தே அனுப்பினேன். நீதான் மறுவாரம், வித்தாச்சுன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சே.

– கூசாம பொய் சொல்றே. அது என்ன, மூலையில ‘ஒரு கடிதம்’னு காட்டுது?

– தபால் கன்டெய்னர். லேப்டாப்ல சோதனைக்கு அனுப்புற கடிதமெல்லாம் வெளிய போகாம அதுலயே தங்கிடும். நீ கட்டி வச்சதுதான்.

– பின்னே? நீ ஒருதடவை வாசகருங்க முந்நூறு பேருக்கும் ‘சோதனை, சோதனை’ன்னு அனுப்பி வச்சியே. எத்தனை பேர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். திற, பார்ப்போம்.

– அக்கா...

– என்னடா, படி.

– ‘விக்காதேக்கா. வேலையை விட்டுட்டு வர்றேன். சேர்ந்தே நடத்துவோம்.’

– தேதி?

– நீ கேட்டு எழுதின மறுநாள்.

– அது எப்படி இதுக்குள்ள கிடக்குது?

– நிஜத் தளமும் இதே பச்சை, லேப்டாப்ல ஓடுற சோதனை நகலும் இதே பச்சை. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல திறந்திருந்துச்சு போல. மாத்தி இதுல எழுதிட்டேன்.

– நான் தினம் பார்த்தேன்டா. ஒரு வாரம்.

– நான் ஒன்பது வருஷமா உன்னைத் திட்டிட்டு இருந்தேன்... சரி விடு. இனி என்ன இருக்கு. எல்லாத்தையும் நிறுத்திடவா?

– நிறுத்தாதே. நீ சாஞ்சியே, அந்தப் பெட்டியைப் பிரிச்சுப் பாரு. வித்துட்டேன்னு சொன்னது உன் மேல இருந்த ரோஷத்துல. ஒரு புத்தகம்கூட இந்த வீட்டைத் தாண்டலடா.