கண்மாய் பெருகிய கடுதாசிகள்

முத்தழகு: ...சும்மா அளக்காதீக. பட்டாளத்துல பதினஞ்சு வருசம் இருந்துட்டு வந்தா எதைச் சொன்னாலும் பொண்டாட்டி நம்பணுமா? கழுதை எங்கயாச்சும் லாரியோட பந்தயம் ஓடுமா?

கோட்டைச்சாமி: காட்டுக்கழுதை புள்ள. லடாக்குல இருக்கு. எங்க லாரி போனா கூடவே ஓடியாரும். முந்திப் போயி, குறுக்க பாஞ்சு, நின்னு திரும்பிப் பாக்கும்.

முத்தழகு: எதைத் தின்னுட்டு அந்த ஓட்டம்? மரமே இல்லைங்கிறீக.

கோட்டைச்சாமி: கல்லு இடுக்குல புல்லு மொளைக்கும். ஆத்தோரமா ஒரு முள்ளுச்செடி, ஆரஞ்சு நெறத்துல பொடிப் பொடியா பழம்... வாயில வச்சா பல்லு கூசிரும். மத்தபடி மொட்டை மலைதான். மழையும் இல்ல. வெயில்ல நிக்கிற மூஞ்சி தோலு உரியும், நெழல்ல கெடக்குற காலு வெறைச்சுப் போகும்.

முத்தழகு: ஊட்டி மாதிரி குளுகுளுன்னு இருக்குன்னு எழுதுனீக.

கோட்டைச்சாமி: அது... ஒன்னையப் பயமுறுத்த வேணாம்னு.

முத்தழகு: அப்பறம் ராஜஸ்தானு. தோப்பும் தொரவுமா இருக்கு, மயிலு ஆடுதுன்னு.

கோட்டைச்சாமி: மயிலு நெசமாவே ஆடுச்சு.

முத்தழகு: தோப்பு?

கோட்டைச்சாமி: ஒரே ஒரு வன்னிமரம். நம்ம சிவன் கோயில்ல நிக்குதே, அதே சாதி. அம்புட்டு மணலுக்கு நடுவுல அதைக் கண்டதும் சொந்தக்காரவுகளைப் பாத்த மாதிரி அழுகை வந்துருச்சு.

முத்தழகு: மரத்தைப் பாத்து அழுதீகளாக்கும்.

கோட்டைச்சாமி: ஒன்னைய நெனச்சுத்தான் அழுதேன். மரம் ஒரு சாக்கு. அங்க ஒரு மானு இருக்கு முத்தழகு. நாள்கணக்கா தண்ணி குடிக்காது. தழையில இருக்க ஈரத்தை வச்சே உசுரோட கெடக்கும்.

முத்தழகு: மாசம் ஒரு கடுதாசிய வச்சுக்கிட்டு நானும் அப்படித்தான் கெடந்தேன்... சரி, பெட்டியில இது என்ன கட்டு?

கோட்டைச்சாமி: ஒன் கடுதாசிக. நீ சொல்லச் சொல்ல, அண்ணன் மக பொன்னழகு எழுதுனது. தண்ணி லாரி வராத அன்னைக்கு எடுத்து வாசிப்பேன். "ஐப்பசி மழை கொட்டுது, கம்மாய் பெருகி மிச்சத் தண்ணி மறுகால்ல வழிஞ்சு போகுது, வயல்ல கெளுத்தி துள்ளுது..." கூடாரமே காதக் குடுக்கும். சமையக்காரரு, "உங்க ஊருல இன்னைக்கும் மழையா"ன்னு கேட்டுட்டுத்தான் அடுப்பே பத்தவைப்பாரு.

முத்தழகு: அதையெல்லாமா வச்சிருக்கீக...

கோட்டைச்சாமி: அதை நம்பித்தானே நேத்து ராத்திரி வந்து எறங்குனதும் அண்ணங்கிட்டச் சொல்லியிருக்கேன். மத்தியானம் பெரியாளுக வந்து நெலத்தைப் பாகம் பிரிக்கிறாக. கம்மாய்க்குக் கீழ உள்ள வயலு எனக்கு. கெணறும் அதைச் சுத்துன காடும் அண்ணனுக்கு.

முத்தழகு: அதுக்கு உங்க அண்ணன் என்ன சொன்னாக?

கோட்டைச்சாமி: துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாக.

முத்தழகு: ஏங்க... ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது.

கோட்டைச்சாமி: சொல்லு.

முத்தழகு: அந்தக் கம்மாய் பெருகவே இல்ல. நீங்க கடைசியா லீவுல வந்துட்டுப் போனதுலருந்து கரண்டக்கால் தண்ணிகூட நிக்கல.

கோட்டைச்சாமி: கெளுத்தி?

முத்தழகு: கெளுத்தியும் பொய்தான். உங்க கடுதாசியப் பிரிச்சா மடியில மணலு கொட்டும். தோப்புல ஏதுங்க அம்புட்டு மணலு? எங்கிட்டோ காஞ்ச காட்டுல கெடக்கீகன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இங்கயும் காயுதுன்னு எழுத மனசு வரல. கடுதாசியாச்சும் ஈரமா வரட்டும்னு... இப்ப அதை நம்பி நம்ம சோத்துல நாமளே மண்ணப் போட்டுக்கிட்டமே. பெரியாளுக வாரதுக்குள்ள போயிக் கெணத்தைக் கேளுங்க.

கோட்டைச்சாமி: கேக்க மாட்டேன்.

முத்தழகு: ஏன்?

கோட்டைச்சாமி: கம்மாய் காஞ்சது எனக்குத் தெரியும். எங்கூடப் பட்டாளத்துல இருந்த வலையபட்டி சின்னக்கருப்பு லீவுல வந்துட்டுத் திரும்புனப்பவே சொல்லிட்டான்.

முத்தழகு: தெரிஞ்சுமா எல்லாருக்கும் வாசிச்சீக?

கோட்டைச்சாமி: தெரிஞ்சப்பறம்தான் அதிகமா வாசிச்சேன். எனக்காக நீ பெய்ய வச்ச மழையில்லையா அது.

முத்தழகு: பேச்சை மாத்தாதீக. தெரிஞ்சும் எதுக்குக் காஞ்ச வயலைக் கேட்டீக?

கோட்டைச்சாமி: அண்ணனுக்கு நாலு பொம்பளப் புள்ளைக. கெணறு இல்லாட்டி அந்த வீட்டுல அடுப்பு எரியாது. நமக்குப் பென்சன் இருக்கு. சும்மா குடுத்தா வாங்க மாட்டாக, ரோசக்காரவுக. தம்பி கடுதாசிய நம்பி ஏமாந்துட்டான்னு நெனச்சா வாங்கிக்குவாகல்ல.

முத்தழகு: அந்த வயல்ல என்னத்த வெளைய வப்பீக?

கோட்டைச்சாமி: கம்பு. ராஜஸ்தான்ல ஊர்ப்பக்கம் வன்னிமரத்தடியிலதான் கம்பு வெதைக்கிறாங்க. மரத்தை வெட்டாம, கெளைய மட்டும் கழிச்சு ஆட்டுக்குப் போடுறாங்க. ரெண்டு மழை போதும், வெளைஞ்சுரும். அந்த மணல்லயே சனம் பொழைக்குது புள்ள, நம்ம செவக்காட்டுல பொழைக்க முடியாதா? நீ மட்டும் அண்ணங்கிட்ட வாயத் தெறந்துறாத.

முத்தழகு: உங்க அண்ணனை ஏமாத்த முடியாதுங்க.

கோட்டைச்சாமி: ஏன்?

முத்தழகு: "தம்பி தாகத்துல கெடக்குறான், கம்மாய் பெருகுச்சுன்னு எழுதுங்க"ன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அவுகதான். காலையில வந்து, "எம் பொய்யை நம்பிக் கெணத்தை விட்டுட்டு நிக்கிறானே, நீயாச்சும் உண்மையச் சொல்லி அவனைக் கேக்க வையி ஆத்தா"ன்னு அழுதுட்டுப் போனாக.