ஜெர்மனியில் சாயம் ஓடுகிறது

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் வரும் ஷேர் ஆட்டோ. எனக்கு எதிரே இரண்டு தோழிகள், மடியில் ஒரே லேப்டாப்.

“பர்வீன், ஜெர்மனிக்காரருக்குச் சாயம் ஓடுதாம்.”

“எது வரைக்கும்?”

“கடைசி வரி வரைக்கும் ஒரே பச்சை!”

பக்கத்தில் பட்டுப்புடவை மூட்டையோடு இருந்த அம்மா திரும்பினார். “பாடியிலயா, பார்டர்லயாம்மா?”

“புடவை இல்லக்கா, புரோகிராம். எழுத்தைக் கலர் கலரா காட்டுற ப்ளக்இன் ஒண்ணு நாங்க பாத்துக்கினு இருக்கோம். கொட்டேஷன் மார்க்குக்குள்ள இருக்கறதுதான் பச்சையா இருக்கணும். அது மூடுற இடம் ப்ளக்இன்னுக்குத் தெரியல, பச்சை கீழ ஓடுது.”

“அப்ப சாயந்தான் ஓடுது.”

“அதான்க்கா!”

“இன்னிக்குள்ள சரி பண்ணலைன்னா வேற ப்ளக்இன்னுக்குப் போறாராம்டி. நம்ம ப்ளக்இன்னை யூஸ் பண்றதே பதினோரு பேரு.”

“அதுல ஒண்ணு நீ, ஒண்ணு நானு.”

பர்வீன் ஒரு வரியைத் திருத்தினாள். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி எழுந்ததில் அவள் விரல் பட்டனை அழுத்திவிட்டது.

“அய்யய்யோ, சரி பாக்காமலே அனுப்பிட்டேன்டி!”

ரயில்வே கேட்டில் நின்றபோது பதில் வந்தது. “நிக்குதாம்! பச்சை நிக்குதாம்!”

“கேட்டு போட்டா நிக்காம பறக்குமாம்மா?” என்றார் டிரைவர்.

புடவைக்கார அம்மா மட்டும் நம்பவில்லை. “ஒரு தண்ணி துவைச்சுட்டுச் சொல்லச் சொல்லு.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் பர்வீன், “அதுவும் கரெக்டுதான்டி. புரோகிராம் எழுதற எடிட்டரை மூடித் திறந்து பாக்கச் சொல்லு” என்றாள்.

கேட் திறப்பதற்குள் மறுபடி பதில்.

“துவைச்சாச்சாம்க்கா. நிக்குது. அவரும் நிக்கறாராம்!”